எலி எப்படி உறைந்தது என்பதையும் எழுதி வையுங்கள்

விண்வெளிக்கு உயிர்களை அனுப்பிச் சோதனை செய்யும் ஆய்வாளர்களுக்கும், அந்தச் சோதனைகளை ஏற்றிச் செல்லும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. உங்கள் ஆய்வகங்களைப் பார்த்ததில்லை. ஒரு சுண்டெலியைக் கையில் பிடித்ததுகூட இல்லை. ஆனால் நீங்கள் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய சுண்டெலிகளின் ஈரலிலும் தசையிலும் விழித்திரையிலும் எந்த மரபணு எவ்வளவு வேலை செய்தது என்ற கணக்கு என் மடிக்கணினியில் கிடக்கிறது. பகலில் புள்ளியியல் வேலை, அதுதான் பிழைப்பு. வீடு அடங்கிய பிறகு உங்கள் தரவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது பழக்கம். சிலர் செஸ் ஆடுகிறார்கள், நான் இதைச் செய்கிறேன்.

உங்களிடம் ஒரு நன்றியும் ஒரு குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. குறையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஈரல் தரவை எடுத்துக்கொண்டேன். யாருடைய ஆய்வு என்று சொல்லப் போவதில்லை. அவர்கள் அன்றைய வழக்கப்படிதான் செய்திருந்தார்கள், பெயரை இழுப்பது நியாயமில்லை. விண்ணுக்குப் போன எலிகள் ஆறு, தரையிலேயே இருந்த ஒப்பீட்டு எலிகள் ஆறு. பி.சி.ஏ. படம் ஒன்று போட்டுப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான மரபணுக்களின் ஏற்ற இறக்கத்தையெல்லாம் சுருக்கி, ஒவ்வொரு எலியையும் ஒரே ஒரு புள்ளியாக்கிக் காட்டும் படம் அது. இடது ஓரத்தில் ஆறு புள்ளி, வலது ஓரத்தில் ஆறு புள்ளி. நடுவில் தேரே ஓட்டலாம், அவ்வளவு இடைவெளி. இந்தத் தொழிலில் இப்படியொரு படம் வாழ்நாளில் நாலைந்து தடவைதான் அமையும். அமைந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் படவில்லை. மூன்று வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து, கொழுப்பைக் கையாளும் மரபணுக்கள் இப்படி, நோய் எதிர்ப்பு மரபணுக்கள் அப்படி என்று அழகான கதை ஒன்றை நெய்து முடித்தேன்.

அப்புறம்தான் கூடுதல் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்த ஒரு அட்டவணையைத் திறந்தேன். கடைசி நிரலில் சின்னதாக ஒரு குறிப்பு. மேலே போன எலிகளை விண்வெளி வீரர்கள் அறுக்கவில்லை, உடலை முழுசாக உறையவைத்துவிட்டார்கள். பல மாதம் கழித்துத் தரையில் கொஞ்சம் இளகவிட்டு ஈரலை எடுத்திருக்கிறார்கள். தரை எலிகளின் ஈரலையோ உயிர் போன சில நிமிடத்திலேயே எடுத்து உறையவைத்திருக்கிறார்கள். ஆக, மூன்று வாரமாக நான் ஆராய்ந்துகொண்டிருந்தது விண்வெளியையா, உறைபெட்டியையா? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தரவை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

கற்றுக்குட்டி ஒருவனின் சறுக்கல் என்று நீங்கள் இதைத் தள்ளிவிடலாம். ஆனால் நாசாவின் ‘ராடன்ட் ரிசர்ச் 1’ பயணத்திலும் இதே சிக்கல்தான் வந்தது. 2014 செப்டம்பரில் ஸ்பேஸ்எக்ஸ் சரக்குக் கலத்தில் போன எலிகள் அவை. அந்த ஈரல் தரவுகளை, நாசாவின் விண்வெளி மரபணுத் தரவுக் களஞ்சியமான ஜீன்லேப்பின் குழுவினரே மறுபடி அலசி 2020ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எலி விண்ணில் இருந்ததா தரையில் இருந்ததா என்பதைவிட, ஈரலை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதே மாதிரிகளை அதிகமாகப் பிரித்துக் காட்டியது என்று ஒளிக்காமல் எழுதினார்கள். தங்கள் வீட்டுக் குறையைத் தாங்களே சபையில் வைத்த அந்தக் கட்டுரையை உங்கள் மாணவர்கள் எல்லோருக்கும் படிக்கக் கொடுக்கலாம்.

காரணம் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மரபணு வேலை செய்கிறதா என்று பார்க்க நாம் அளப்பது ஆர்.என்.ஏ. என்ற நகல் சீட்டை. டி.என்.ஏ. மாதிரி அது உறுதியானது இல்லை. உயிர் போனவுடன் கிழிய ஆரம்பித்துவிடும். இருபது கிராம் சொச்சம் எடையுள்ள எலிதான் என்றாலும், முழு உடலாக உறையவைத்தால் குளிர் உள்ளே போய் ஈரலைத் தொடக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு அறுப்பதற்காக இளகவிடும்போது மறுபடியும் கொஞ்சம் கிழியும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஆர்.என்.ஏ.வைச் சேகரிக்கும் முறைகளில் ஒன்று அதன் வாலைப் பிடித்து இழுக்கும் முறை. சீட்டு முழுசாக இருந்தால் வாலைப் பிடித்தால் தலை வரும். நடுவில் கிழிந்திருந்தால் வால் மட்டும் கையோடு வரும், மீதி போய்விடும். வாலை நம்பாமல், தேவையில்லாத ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தைப் படிக்கும் முறையில் இந்தப் பாதிப்பு குறைகிறது. அதனால் எந்த முறையில் சேகரித்தீர்கள் என்பதும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, இரண்டு தராசில் நிறுத்ததை ஒரே கணக்கில் கூட்டுவது மாதிரி.

சரி, நன்றிக்கு வருகிறேன். வெறும் மரியாதைக்காகச் சொல்லும் நன்றி இல்லை இது.

2015ல் நாசா ஜீன்லேப்பைப் பொதுவில் திறந்தது. அதற்கு முன் என்னைப் போன்றவன் இந்தத் தரவைப் பார்க்க வேண்டுமென்றால் ஆய்வாளருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்று ஜீன்லேப்பும், நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தின் பழைய உயிர் அறிவியல் ஆவணக் காப்பகமும் சேர்ந்து திறந்த அறிவியல் தரவுக் களஞ்சியமாகிவிட்டன. எலி, பழ ஈ, புழு, செடி, நுண்ணுயிர் என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கச்சாத் தரவு வேண்டுமா, எடுத்துக்கொள்ளலாம். அதை அலசக் கணினி பலம் இல்லையா, அவர்களே அலசி வைத்த அட்டவணை இருக்கிறது. கணினி நிரல் எழுதத் தெரியாதா, உலாவியிலேயே நாலு சொடுக்கில் படம் வந்துவிடும். கதிர்வீச்சு அளவைத் தனியாகப் பார்க்க ஒரு கருவி, வெப்பநிலை, ஈரப்பதம், கரியமிலவாயு பார்க்க இன்னொன்று. பகுப்பாய்வுப் பணிக்குழுக்களில் யார் வேண்டுமானாலும் சேரலாம், சம்பளம் கிடையாது, ஆர்வம் போதும். ஒரே தரவை ஆளுக்கொரு விதமாக அலசி ஆளுக்கொரு முடிவுக்கு வந்துகொண்டிருந்ததைப் பார்த்து, பொதுவான வழிமுறை ஒன்றை உட்கார்ந்து பேசி உருவாக்கியதும் இந்தக் குழுக்களே. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தனிப் பயிற்சித் திட்டம்கூட நடந்திருக்கிறது.

இதனால் என்ன விளைந்தது என்று கேட்டால், 2020 நவம்பரில் ‘செல்’ இதழில் வந்த கட்டுரையைக் காட்டுவேன். களஞ்சியத்தில் கிடந்த பல ஆய்வுகளையும் 59 விண்வெளி வீரர்களின் தரவையும் சேர்த்துப் பார்த்தவர்கள், உறுப்பு எதுவானாலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் கோளாறுதான் என்று கண்டார்கள். தனித்தனி ஆய்வில் அது ஒரு சின்ன முணுமுணுப்பு. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக் கேட்டபோதுதான் வார்த்தை புரிந்தது.

நுண்ணுயிர்ப் பக்கமும் அப்படியே. நிலையத்தில் 40 மாதம் இருந்த காற்று வடிகட்டியிலிருந்து எடுத்த ஒரு பாக்டீரியத்துக்கு, கஸ்தூரி வெங்கடேஸ்வரன் இருந்த, நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகக் குழு அப்துல் கலாம் பெயரை வைத்தது. சோலிபாசிலஸ் கலாமி. பெயர் வைத்ததோடு நிற்காமல் இந்த மாதிரி நுண்ணுயிர்களின் மரபுத்தொகுப்புகளைப் பொதுவிலும் வைத்தார்கள். அதே குழுவோடு சேர்ந்து ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வாளர்கள் நிலையத்தில் கிடைத்த என்டரோபாக்டர் புகாண்டென்சிஸ் என்ற, பல மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியத்தின் 13 வகைகளைக் கணினியில் அலசி 2024ல் முடிவை வெளியிட்டார்கள். அது தன்னோடு இருக்கும் மற்ற நுண்ணுயிர்களோடு எப்படி ஒட்டி உறவாடுகிறது என்பதுவரை அதில் பார்த்திருக்கிறார்கள். ஏவுதளத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாதவர்கள் விண்வெளி உயிரியல் செய்ய முடிகிறது என்றால், நீங்கள் தரவைத் திறந்து வைத்ததால்தான்.

ஆனால் கதவு அகலமாகத் திறக்கத் திறக்க, உள்ளே வருகிறவர்களுக்கு வீட்டைப் பற்றித் தெரிந்திருப்பது குறைந்துகொண்டே போகும். ஆய்வகத்தில் உங்களோடு இருந்த மாணவருக்கு எலி எப்படி உறைந்தது என்று தெரியும், அன்று அவர்தான் பெட்டியைத் திறந்தார். எனக்கு அட்டவணையில் எழுதியிருப்பது மட்டும்தான் தெரியும். நாலு சொடுக்கில் படம் போடும் பள்ளி மாணவிக்கு அந்த அட்டவணை இருப்பதே தெரியாது. கருவி அவளிடம் எதுவும் கேட்பதில்லை. ‘விண்வெளி’ என்று ஒரு பெட்டியை டிக் செய், ‘தரை’ என்று இன்னொன்றை டிக் செய், இந்தா, எந்த மரபணு ஏறியது எது இறங்கியது என்று புள்ளிகளாகக் காட்டும் ‘எரிமலைப் படம்’. சிவப்புப் புள்ளிகள் மேலே, நீலப் புள்ளிகள் கீழே. எடையின்மையால் வந்ததும், உறைபெட்டியால் வந்ததும், கூண்டால் வந்ததும் ஒரே நிறத்தில் மின்னும்.

கூண்டு என்று சொன்னேன் இல்லையா, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் அப்படியே இருக்கிறது. நிலையமும் எலியும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால்தான் மிதப்பு. அந்த மிதப்பு உயிரை என்ன செய்கிறது என்பதே உங்கள் கேள்வி. ஆனால் மிதப்பு மட்டும் தனியாக மாறுவதில்லை. ஏவும்போது குலுக்கல். உள்ளே ஓயாத இரைச்சல். ஒரு நாளைக்கு 16 சூரிய உதயம். கதிர்வீச்சு. அப்புறம் காற்று. வெளிக்காற்றில் கரியமிலவாயு பத்து லட்சத்தில் 420 பங்கு போல இருக்க, நிலையத்துக்குள் அது பல மடங்கு, சில சமயம் பத்து மடங்குகூட இருக்கும். சூடான காற்று மேலே எழும்பும் வழக்கமும் அங்கே இல்லை. விசிறி ஓடவில்லை என்றால் எலி விட்ட மூச்சு அதன் மூக்கைச் சுற்றியே நிற்கும். செடிக்கும் இதே கதிதான், வேரைச் சுற்றியுள்ள ஆக்சிஜன் தீர்ந்தால் புதிதாகத் தானே ஓடி வராது.

இதற்காகத்தான் தரையிலும் அதே வகைக் கூண்டு, அதே வெப்பம், அதே கரியமிலவாயு என்று வைத்து, நிலையத்திலிருந்து வரும் அளவீடுகளைச் சில நாள் தாமதமாகப் பின்தொடர்ந்து ஒப்பீட்டு எலிகளை வளர்க்கிறீர்கள். சாதாரண ஆய்வகக் கூண்டில் இன்னொரு கூட்டம். 2018ல் இந்தக் கூட்டங்களையெல்லாம் குறுக்கும் நெடுக்கும் ஒப்பிட்ட ஒரு ஜீன்லேப் ஆய்வு, கரியமிலவாயுவே தனியாக ஓர் அழுத்தக் காரணியாக இருக்கலாம் என்று காட்டியது. நமக்கெல்லாம் ‘விண்வெளி விளைவு’ என்று தோன்றியதில் ஒரு பங்கு மூச்சுமுட்டலாக இருக்கலாம்! சாதாரணக் கூண்டு எலிகளின் தரவையும் சேர்த்து யாரோ பொறுப்பாகப் பதிவேற்றியிருந்ததால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது. சில ஆய்வுகளில் அந்தக் கூட்டத்தின் தரவே இருக்காது. ‘ஒப்பீடு’ என்று ஒரே சொல் மட்டும் இருக்கும். எந்த ஒப்பீடு?

ஜப்பானியர்கள் இதில் ஒரு படி மேலே போனார்கள். 2016ல் அவர்களின் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸா 12 ஆண் எலிகளை மேலே அனுப்பி, ஆறை மிதக்கவிட்டது, ஆறை அங்கேயே சுழலும் இயந்திரத்தில் வைத்துப் பூமி அளவு ஈர்ப்பைக் கொடுத்தது. ஏவுதல், இரைச்சல், கதிர்வீச்சு, காற்று எல்லாம் இரண்டு கூட்டத்துக்கும் ஒன்று, மிதப்பு மட்டும்தான் வேறு. 12 எலிகளும் உயிரோடு திரும்பின. இவ்வளவு சுத்தமான ஒப்பீட்டைப் பார்க்கும்போது எனக்குக் கண் கலங்கும் என்றால் சிரிப்பீர்கள். எல்லோராலும் சுழலும் இயந்திரம் வைக்க முடியாது, செலவும் இடமும் தெரிந்ததே. முடியாதவர்கள் குறைந்தபட்சம் எது எது சேர்ந்து மாறியது என்று எழுதி வைக்கலாம்.

இனி நான் கேட்பது.

ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஆய்வுக்கு ஒரு பத்தி என்பது போதாது. ‘திசுக்கள் உடனடியாக உறையவைக்கப்பட்டன’ என்ற வரியை எத்தனை தடவை படித்திருப்பேன்! உடனடியாக என்றால் மூன்று நிமிடமா, நாற்பது நிமிடமா? முதல் எலிக்கு மூன்று, பத்தாவது எலிக்கு நாற்பது என்றால் அதுவும் எனக்கு வேண்டும். எப்படி உயிர் நீக்கினீர்கள், அன்று மணி என்ன, எலி கடைசியாக எப்போது தின்றது, எந்த உறைபெட்டி, எத்தனை டிகிரி, எத்தனை மாதம், எத்தனை தடவை இளகியது. உயிரோடு திரும்பிய எலி என்றால், கலம் கடலில் விழுந்து எத்தனை மணி நேரம் கழித்து அறுத்தீர்கள்? ஒரு நாள் கழித்து அறுத்த எலியின் தசையில் நான் பார்ப்பது மிதப்பின் தடமா, திரும்பி வந்த எடையின் அதிர்ச்சியா? இதெல்லாம் உங்கள் குறிப்பேட்டில் நிச்சயம் இருக்கிறது. அந்தக் குறிப்பேடு அலமாரியில் இருக்கிறது, தரவு உலகமெங்கும் சுற்றுகிறது.

புதிய ஆய்வுகளில் நிலைமை எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பதப்படுத்திய முறைக்கும் உயிர் நீக்கிய முறைக்கும் நிரல் இருக்கிறது, நிரப்பியும் இருக்கிறது. பழைய ஆய்வுகள்தான் ஓட்டையும் ஒடிசலுமாக நிற்கின்றன. அவற்றைச் செய்தவர்கள் ஓய்வு பெறுவதற்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும். இதற்கென்று ஆள் போட்டு, தொலைபேசியில் கூப்பிட்டு, ‘ஐயா, அந்த வருடம் அந்தப் பெட்டியில் என்ன செய்தீர்கள்’ என்று கேட்கும் ஒரு வேலையை எந்த நிறுவனமாவது உருவாக்கினால், இன்னொரு புதிய சோதனை அனுப்புவதைவிடக் குறைந்த செலவில் அதிகப் பலன் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

சொற்களையும் கொஞ்சம் ஒழுங்கு செய்யுங்கள். விண்ணுக்குப் போன எலியை ஒருவர் ‘ஃப்ளைட்’ என்கிறார், ஒருவர் ‘எஃப்.எல்.டி.’ என்கிறார், மூன்றாமவர் ‘மைக்ரோ ஜி’ என்கிறார். எலியின் வயதை ஒருவர் ஏவிய நாளில் கணக்கிடுகிறார், ஒருவர் இறந்த நாளில். கண்டுபிடிக்கவும் எடுக்கவும் ஒன்றோடொன்று பொருத்தவும் மறுபடி பயன்படுத்தவும் ஏற்றதாகத் தரவு இருக்க வேண்டும் என்று 2016ல் வகுத்த நெறிகளை எல்லோரும் மேடையில் மேற்கோள் காட்டுகிறோம். முதல் இரண்டும் அருமையாக நடக்கிறது. பொருத்துவதில்தான் என் சனிக்கிழமைகள் போகின்றன.

கருவிகளைக் கட்டுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. டிக் பெட்டியை அழுத்தி ஒப்பீடு கேட்கும்போது, இரண்டு பக்கமும் வேறு எது எது மாறுகிறது என்று நிரல்களைப் பார்த்துக் கருவியே சொல்லிவிடலாமே. ‘நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு கூட்டங்களும் பதப்படுத்திய முறையிலும் வேறுபடுகின்றன’ என்று படத்துக்கு மேலே ஒரு மஞ்சள் பட்டை வந்தால் போதும். அன்றைக்கு அப்படியொரு பட்டை வந்திருந்தால் எனக்கு மூன்று வாரம் மிச்சம்.

அடுத்தது, தவறிப் போனவை. விசிறி நின்றது, தண்ணீர்க் குழாய் அடைத்தது, இரண்டு எலி செத்தது, விளக்கு ஒரு நாள் அணையவில்லை. இவற்றை எழுத யாருக்கும் பிடிக்காது. கட்டுரையில் ‘ஆய்விலிருந்து விலக்கப்பட்டன’ என்ற வார்த்தைக்குள் புதைந்துவிடும். உங்களை யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை. தலைக்கு மேல் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு பெட்டிக்குள் எலி வளர்ப்பதே பெரிய காரியம். எலிகள் என்ன செய்தன என்பதும் இதில் சேரும். ‘ராடன்ட் ரிசர்ச் 1’ எலிகளின் காணொளியைப் பொறுமையாகப் பார்த்தவர்கள் 2019ல் ஒரு விஷயம் எழுதினார்கள். இளம் எலிகள் சில நாளில் கூண்டின் சுவரைச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தனவாம், ரேஸ் விடுவது மாதிரி, கூட்டமாக. வேடிக்கையான செய்திதான். ஆனால் அந்த எலிகளின் கால் தசையில் மரபணுக் கணக்குப் பார்ப்பவனுக்கு இது வேடிக்கை இல்லை. உடற்பயிற்சி செய்த எலியையும் செய்யாத எலியையும் அவன் ஒன்றாகப் போட்டிருப்பான்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். உங்கள் பானையில் மொத்தமே பத்துச் சோறுதான் இருக்கிறது, பல ஆய்வுகளில் அதுவும் இல்லை. ஒரு எலியைப் பற்றிய ஒரு வரிக் குறிப்பு விட்டுப்போனால் பத்தில் ஒரு பங்கு அறிவு போகிறது. தரையில் செய்யும் சோதனை என்றால் இன்னும் இருபது எலி வாங்கிக்கொள்ளலாம்.

மனிதத் தரவு விஷயத்தில் நான் உங்கள் பக்கம். எல்லாவற்றையும் திறந்துவிடு என்று கூவுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நாசா விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லி 340 நாள் மேலே இருந்தபோது அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் தரையில் இருந்தார். உலகத்துக்கே பெயர் தெரிந்த இருவர், இதில் யாரை எப்படி மறைப்பது? 2021 செப்டம்பரில் ‘இன்ஸ்பிரேஷன்4’ பயணத்தில் மூன்று நாள் சுற்றி வந்தவர்கள் நான்கே பேர். அவர்களின் அளவீடுகள் 2024ல் ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரைகளோடு வெளிவந்தபோது, பெரும்பகுதியைப் பொதுவில் வைத்து, மரபணு வரிசையை மட்டும் அனுமதி கேட்டுப் பெறும்படி பூட்டியது சரியான முடிவு. அந்த வரிசை அவர்களுடையது மட்டுமில்லை, பிள்ளைகளுடையதும்கூட.

பூட்டினாலும் விளக்கம் வேண்டும். 2018 மார்ச் மாதம் ஞாபகம் இருக்கிறதா? ஸ்காட் கெல்லியின் டி.என்.ஏ. 7 சதவீதம் மாறிவிட்டது, இனி இருவரும் இரட்டையரே இல்லை என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. மரபணுக்கள் மாறவில்லை, அவற்றில் சுமார் 7 சதவீதம் வேலை செய்யும் அளவுதான் திரும்பி ஆறு மாதமாகியும் பழைய நிலைக்கு வரவில்லை என்று நாசா விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. 7 சதவீத டி.என்.ஏ. மாறினால் அவர் மனிதராகவே இருந்திருக்க மாட்டார். எண் சரி, அதன் கூடவே வந்திருக்க வேண்டிய ஒரு வாக்கியம்தான் வழியில் தொலைந்துபோனது.

எலிக்கும் செடிக்கும் பாக்டீரியத்துக்கும் இந்தத் தனியுரிமைச் சாக்கு கிடையாது. அங்கே குறிப்பு விட்டுப்போனால் அது நேரமின்மை, அல்லது அலட்சியம்.

இப்போது புதிதாக நிறையப் பேர் வருகிறார்கள். 2025 ஜூன் 25ல் கிளம்பிய ‘ஆக்சியம் 4’ பயணத்தில் சுபான்ஷு சுக்லாவோடு இந்தியாவின் ஏழு சோதனைகள் போயின. நீர்க்கரடி என்ற மிகச் சிறிய உயிர், நுண்பாசி, தசைச் செல், முளைவிடும் வெந்தயமும் பாசிப்பயறும். ஜூலை 15ல் அவர் திரும்பினார். தனியார் கலங்களில் இனி இன்னும் பல நாடுகளும் பல்கலைக்கழகங்களும் முதல்முறையாக எதையாவது அனுப்பப் போகின்றன. முதல்முறை அனுப்புகிறவர்களிடம்தான் என் மன்றாட்டு அதிகம். பயறுக்குத் தண்ணீர் விட்டது எத்தனை மணிக்கு, உறைபெட்டிக்குள் போனது எத்தனை மணிக்கு, நடுவில் மேசையில் எவ்வளவு நேரம் கிடந்தது, தரையில் அதே நேரக் கணக்கோடு இன்னொரு தட்டு முளைத்ததா என்று அன்றே எழுதுங்கள். தரவை ஏற்றும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தால் மறந்துவிடும். கலம் கிளம்புவதற்கு முன்பே அட்டவணையின் தலைப்புகளைத் தட்டச்சு செய்து வைத்துவிடுங்கள். காலிக் கட்டம் கண்ணை உறுத்தும், யாராவது நிரப்புவார்கள்.

இதை எழுதும்போது என் திரையில் ஒரு மண்ணீரல் தரவு திறந்திருக்கிறது. பதப்படுத்திய முறை என்ற நிரலில் முதல் நாலு எலிகளுக்குப் பதில் உண்டு. மீதி எலிகளுக்கு ‘பொருந்தாது’ என்று போட்டிருக்கிறது. அவையும் உறைந்த எலிகள்தானே, எப்படிப் பொருந்தாமல் போகும்? ஆய்வுக்குழுவுக்கு எழுதிக் கேட்டேன். அன்று பெட்டியைத் திறந்தவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாராம், பழைய குறிப்பேட்டைத் தேடிப் பார்ப்பதாகப் பதில் போட்டிருக்கிறார். அது வரும்வரை அந்த எலிகளைக் கணக்கில் சேர்க்காமல் ஓரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தரவின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் ஒருவன்